மீசை முளைத்த காங்கிரீட்

அத்தியாயம் 4

துப்பறியும் சென்னகிருஷ்ணனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் மிச்சம். அது அவருடைய போர்வை.

கத்தியோடு வந்தவனை வெறும் குடையால் மடக்கியவர் அவர். ஆனாலும் இரண்டு பேர் படுக்கும் கட்டிலின் போர்வையை ஒற்றை ஆளாக மடிக்க அவருக்கு இன்னும் கை வரவில்லை. மனைவி இருந்தவரை அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை. அவள் போன பிறகு ஒரு உபாயம் கண்டுபிடித்திருந்தார். மொட்டைமாடிச் சுவர் மேல் ஒரு ஓரத்தை வைத்து, பறந்துவிடாமல் அதன் மேல் ஒரு கல்லை வைப்பார். பிறகு மறுமுனையைப் பிடித்து இழுப்பார். கல் இருக்கும் பக்கம் கோடு போட்டதுபோல நேராக நிற்கும். கையில் இருக்கும் பக்கம் மட்டும் எப்படியோ கோணிக்கொண்டு போகும்.

அன்று காலையும் கோணிக்கொண்டு போனபோதுதான் அவருடைய உதவியாளர் சுமலதா மாடிப்படி ஏறி வந்தாள். ஓசூரில் பாதிப் பேரைப்போல அவளும் ஒரு தொழிற்சாலையில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தவள்தான். வாய் நீளம் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்த வாய்க்காகவே சென்னகிருஷ்ணன் அவளைச் சேர்த்துக்கொண்டார்.

"சார், கல்லை விட்டுட்டு வாங்க. உங்களுக்கும் போர்வைக்கும் நான் சாயந்திரம் பஞ்சாயத்து பண்றேன். அந்தப் பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கலையாம்."

"சாப்பிட்டுச்சா?"

"தூங்காததுக்கே பதில் சொல்லல. சாப்பாட்டைப் பத்தி நான் கேக்கல."

அந்தப் பெண் லாவண்யா. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்தவள். சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்தில் ஒற்றை அறை. அறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. இதுவரை வருவதற்கும் ஆளில்லை.

அங்கே போய்ச் சேர்ந்ததும் சுமலதா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் சென்னகிருஷ்ணன் கேட்கவில்லை. அவரும் தரைக்கு வந்துவிட்டார். லாவண்யா மடிக்கணினியைத் திறந்தாள். கணினியின் வெளிச்சத்தில் அவள் கண்கள் வீங்கியிருந்தது தெரிந்தது.

"முதல்ல இருந்து ஒரு தடவை சொல்லும்மா. இவளுக்குப் புரியணும்," என்றார் சென்னகிருஷ்ணன்.

"எனக்குப் புரிஞ்சுடுச்சு சார். உங்களுக்குத்தான் புரியலன்னு வெக்கப்படாம சொல்லுங்க."

லாவண்யா முகத்தில் சிரிப்பு வருவதுபோல வந்து, வராமல் போயிற்று.

"மேல ட்ரோன் பறக்க விட்டுப் படம் எடுப்பாங்க சார். மழை பெஞ்சா தண்ணி எங்க உள்ள எறங்கும், எங்க எறங்காம ஓடும்னு அதுல பிரிக்கணும். கூரை, தார் ரோடு, சிமெண்ட் போட்ட களம், இதெல்லாம் சிவப்பு. மண்ணு, பயிரு, புல்லு எல்லாம் பச்சை. இந்தப் படத்தை வச்சுத்தான் எந்தப் பக்கம் ஃபேக்டரி வரலாம், எந்தப் பக்கம் விவசாயம் இருக்கணும்னு பிளான் போடுதாங்க. முதல்ல கம்ப்யூட்டரே வண்ணம் அடிச்சிரும். அது சரியான்னு பாத்து எம் பேரைப் போட்டு அனுப்புறதுதான் என் வேலை."

"நாள் முழுக்க இதானா?" சுமலதா கேட்டாள்.

"நாள் முழுக்க இதான்க்கா. வெறும் கூரைங்க. பாத்துக்கிட்டே இருப்பேன்."

அவள் ராயக்கோட்டைக்கு அந்தப்பக்கம் திம்மராயன் கொட்டாய் என்ற சிற்றூரைப் பெரிதாக்கிக் காட்டினாள். செம்மண் வயல். அதன் நடுவே பளிச்சென்று வெள்ளையாக ஒரு நீள்சதுரம். கம்ப்யூட்டர் அதற்குச் சிவப்பு அடித்திருந்தது. லாவண்யாவும் சரி என்று பேர் போட்டிருந்தாள். ஒரு துண்டு சிவப்பானதில் அந்த நிலம் முழுதும் வரைவுத் திட்டத்தில் தொழிற்சாலைப் பகுதிக்குள் போய்விட்டது. ஊர்க்கூட்டத்தில் படத்தை மாட்டினார்கள். மாதம்மாள் என்கிற விவசாயியின் நிலம் அது. அங்கே ஒரு சட்டி சிமெண்ட் கூடக் கிடையாது என்று ஊரே கத்தியது.

"எங்க மேனேஜர் ராஜேஷ்குமார் சார் நேர்ல போய்ப் பாத்தாரு. வெறும் மண்ணு. ட்ரோன் பறக்குற தேதி தெரிஞ்சு எவனோ அன்னைக்கு மட்டும் வெள்ளையா எதையோ விரிச்சு ஏமாத்திருக்கான்னு சொல்லுதாரு. அந்த நிலத்துக்கு அலையிற புரோக்கர் செல்வம். எனக்கு இந்த ரூமைப் பிடிச்சுக் கொடுத்ததும் அதே செல்வம். என் போன்ல அவரு நம்பர் நிறைய இருக்கு. தேதியைச் சொன்னது நான்தானாம்." அவள் குரல் உடைந்தது. "சாயங்காலத்துக்குள்ள நான் ஒத்துக்கலன்னா போலீஸ்ல எழுதிக் கொடுத்துருவாங்க அண்ணாச்சி. எங்க அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நான் நல்லா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு."

சார் அண்ணாச்சியாகிவிட்டதைச் சென்னகிருஷ்ணன் கவனித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படத்தின் பக்கம் குனிந்தார்.

"இன்னும் பெருசாக்கு. அந்த மூலை. வெள்ளை மேல என்னவோ கறுப்பா இருக்கே?"

லாவண்யா பெரிதாக்கினாள். மூலையில் கொஞ்சம் புரண்டிருந்தது. புரண்ட இடத்தில் நிறம் தெரிந்தது. அதற்குள் ஒரு கண். கண்ணுக்குக் கீழே, கம்பீரமாக, பாதி மீசை.

மூன்று தலைகளும் திரையை நெருங்கின.

"தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள் சுமலதா. "நான் எத்தனையோ காங்கிரீட் விரிசல் விட்டுப் பாத்திருக்கேன். மீசை முளைச்சு இப்பதான் பாக்கறேன்."

"ஃப்ளெக்ஸ் பேனர்," என்றார் சென்னகிருஷ்ணன். "குப்புறப் போட்டு, வெள்ளைப் பக்கம் மேல தெரியற மாதிரி வரிசையா விரிச்சிருக்காங்க. புள்ளி புள்ளியா இருக்கறது ஓரத்துல வச்ச கல்லு. அது என்னம்மா, பக்கத்துல நீளமா நிழலோட?"

"லைட் கம்பம் சார். சிமெண்ட் களத்துக்குப் பக்கத்துல கம்பமும் இருக்கவும்தான் நான் சந்தேகமே படல. கம்பம்னு குறிச்சிருக்கேன் பாருங்க."

"கம்பத்துக்கு ஒயர் எங்க?"

"சோலாரா இருக்கும்னு..." லாவண்யா இழுத்தாள்.

சென்னகிருஷ்ணன் வெள்ளை நீள்சதுரத்தின் ஒரு பக்கத்தை விரலால் தடவினார். கோடு போட்டதுபோல நேராக இருந்தது. எதிர்ப்பக்கத்தைத் தடவினார். ஒவ்வொரு பேனரும் ஒவ்வொரு விதமாகக் கோணியிருந்தது. அவருக்கு எங்கேயோ பார்த்தமாதிரி இருந்தது. எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு அது அப்போது ஓடவில்லை, பாவம்.

"வண்டியை எடு சுமலதா. நீயும் வாம்மா."

சுமலதாவின் பழைய ஆம்னி வேன் ராயக்கோட்டைச் சந்தையை அடைந்தபோது தக்காளி லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. டீக்கடை வாசலில் ஒரு காலைத் தக்காளிப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு, பிளாட்டுக்கும் நிலத்துக்கும் வாடகை அறைக்கும் ஒரே நேரத்தில் மூன்று போனில் பேசிக்கொண்டிருந்தான் செல்வம். முகம் மழுமழுவென்று இருந்தது.

"பேனரா? நானா?" லாவண்யாவைப் பார்த்ததும் போன்களை இறக்கினான். "சார், எனக்கு ஊரெல்லாம் பேனர் உண்டு. ஒத்துக்கறேன். எம் பொறந்தநாளுக்கு நானே வச்சுக்குவேன். ஆனா ஒண்ணுலயாவது மீசை காட்டுங்க. எங்க குலதெய்வத்துக்கு மொட்டை போட்டப்ப எடுத்த மீசை, அப்புறம் வரவே இல்ல."

"பேனர் வேற யாரோடதாவும் இருக்கலாம்," என்றார் சென்னகிருஷ்ணன். "நிலத்துக்கு அலையறது நீங்கதானே?"

"அலையறேன். செருப்பு தேஞ்சுது. அந்தம்மா விக்கலைங்கறாங்க." செல்வம் குரலைத் தாழ்த்தினான். "நீங்க பெரியவரு, யோசிச்சுப் பாருங்க. நெலம் சிவப்பானா ஃபேக்டரி ரேட்டு. பச்சையா இருந்தா கேவுரு வெளையற ரேட்டு. வாங்கப் போறவன் எவனாவது, வாங்கறதுக்கு முன்னாடியே வெலைய ஏத்தி வுடுவானா? வாங்கின பொறவு சிவப்பாக்கறதுதானே தொழிலு?"

சுமலதா டீயை ஒரே மடக்காகக் குடித்தாள். "சார், இவரு சொல்றதுல ஒரு அயோக்கியத்தனமான நியாயம் இருக்கு."

"அதான் நம்பும்படியா இருக்கு," என்றார் சென்னகிருஷ்ணன்.

செல்வம் லாவண்யாவிடம் திரும்பினான். "ஏம்மா, பாத்ரூம் குழாய் ஒழுவுதுன்னு நீ போன் பண்ணினதையா கேஸுன்றாங்க? நான் வேணா வந்து சொல்லட்டா?"

"நீங்க வந்து சொன்னா இன்னும் மாட்டிக்குவா," என்று சுமலதா வேனைக் கிளப்பினாள்.

வேன் திம்மராயன் கொட்டாய்ப் பக்கம் திரும்பியது. சந்தேகப்பட இருந்த ஒரே ஆளும் கையை விட்டுப் போயிற்று. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. லாவண்யா ஜன்னல் வழியாகத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பக்கவாட்டுல பாக்க வேற மாதிரி இருக்கு," என்றாள் ஒருமுறை, தனக்குத்தானே.

திம்மராயன் கொட்டாய் சின்ன ஊர். வீடுகள் தள்ளித்தள்ளி இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாட்டுக்கொட்டகை, ஒரு வைக்கோல் போர். கொட்டகைக் கூரை மேலும் போர் மேலும் பேனர்கள். கைகூப்பிய தலைவர்கள், மாலையும் கழுத்துமாக மணமக்கள், காது குத்திய குழந்தைகள் எல்லாரும் மழைக்கும் வெயிலுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

"பாருங்க சார், தலைவருங்க செஞ்ச ஒரே உருப்படியான வேலை," என்றாள் சுமலதா. "மாடு நனையல."

கடைசி வீடு மாதம்மாளுடையது. பக்கத்தில் வீடு கிடையாது. வீட்டுக்கு முன்னால் அதே செம்மண் வயல், அறுத்து முடித்த கேழ்வரகுத் தாளோடு. சென்னகிருஷ்ணன் நேராக வயலுக்குள் இறங்கிப் போய், படத்தில் கம்பம் இருந்த இடத்தில் நின்றார். குனிந்து மண்ணைப் பார்த்தார். கம்பம் நட்ட குழி இல்லை, பிடுங்கிய தடயமும் இல்லை.

"இன்னா சாமி தேடறீங்க?"

மாதம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு.

"ஓசூர்ல இருந்து வரோம்மா. உங்க நெலத்தைப் படத்துல சிவப்பா காட்டிட்டாங்களே, அது விஷயமா."

"அதான் பொய்யின்னு எல்லாரும் சொல்லிட்டாங்களே. காங்கிரீட்டு எங்க கீது? நல்லா பாருங்க. மண்ணு."

"படம் எடுத்த தை மாசத்துல இங்க ஏதாச்சும் விரிச்சிருந்தீங்களா? கேவுரு, கொள்ளு காய வைக்க?"

"ஒண்ணும் விரிக்கல." கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. "தண்ணி குடிக்கிறீங்களா?"

அவள் உள்ளே போனாள். சென்னகிருஷ்ணன் வீட்டைச் சுற்றி நடந்தார். சுமலதா வீட்டோரம் கூரை இறவாணத்தின் கீழே குந்தி உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இங்க வாங்க. கல்லுக்குச் சட்டை போட்டு வச்சிருக்காங்க."

ஆற்றுக் கற்கள். ஒரே அளவாகப் பொறுக்கி எடுத்தவை. ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தைத்து, சுவரோரம் வரிசையாக அடுக்கியிருந்தது.

"கல்லுக்குக் குளிருமா?" என்றாள் சுமலதா. "எங்க கம்பெனில எனக்கே ஸ்வெட்டர் கொடுக்கல."

சென்னகிருஷ்ணன் சிரிக்கவில்லை. ஒரு கல்லைக் கையில் எடுத்தார். பிறகு வைக்கோல் போரைப் பார்த்தார். மாதம்மாளின் போர் மேல் பேனர் இல்லை. மழை இறங்கி உச்சி கறுத்துப்போய்க் கிடந்தது. ஊரிலேயே அந்த ஒரு போர்தான் வெறுந்தலையோடு நின்றது.

கையில் கல்லோடு அப்படியே நின்றார். காலையில் மொட்டைமாடியில் நின்ற மாதிரியே நின்றார். இப்போதுதான் அவருக்கு ஓடியது.

மாதம்மாள் சொம்போடு வந்தாள். அவர் கையிலிருந்த கல்லைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"அம்மா," என்றார் சென்னகிருஷ்ணன் மெதுவாக. "ஏமாத்தணும்னு ஆள் வச்சு விரிச்சிருந்தா ரெண்டு பக்கமும் நேரா இருந்திருக்கும். ஆளுக்கு ஒரு முனை பிடிச்சிருப்பாங்க. படத்துல ஒரு பக்கம் நேரா இருக்கு, ஒரு பக்கம் கோணல். ஒரு முனைல கல்லை வச்சுட்டு, ஓடிப் போய் மறுமுனையை இழுத்திருக்காங்க. ஒத்தை ஆளு. எனக்கு இது தெரியும்மா. எங்க வீட்ல தினம் நடக்கறதுதான்."

அவள் கண் துணி சுற்றிய கல்லிலேயே இருந்தது.

"வெறும் பேனரா இருந்தா கல்லுக்குத் துணி சுத்த மாட்டாங்க. கீழ இருக்கறதுக்குக் கீறல் விழக்கூடாதுன்னு நினைக்கிறவங்கதான் சுத்துவாங்க. இந்த ஊர்ல எல்லார் வைக்கப்போர் மேலயும் பேனர் இருக்கு. வீட்ல அத்தனை பேனர் வச்சிருக்கற நீங்க மட்டும் போரை நனைய விட்டிருக்கீங்க."

திறந்த கதவு வழியே உள்ளே சுவர் தெரிந்தது. மாலை போட்ட ஒரு போட்டோ. இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல மீசை.

சுமலதா அந்த மீசையைப் பார்த்தாள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவளை அப்படிப் பார்த்து சென்னகிருஷ்ணனுக்குப் பழக்கமில்லை.

"எம் புள்ள," என்றாள் மாதம்மாள். "மணிவேலு. ஷிப்ட் முடிச்சு வண்டில வந்தான். ரோட்லயே போயிட்டான். மூணு வருசமாச்சு."

சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"கூட வேலை செஞ்ச பசங்க ஓசூர் வரைக்கும் பேனர் வச்சாங்க. கண்ணீர் அஞ்சலின்னு. கூட்டு ரோட்டுக்குக் கூட்டு ரோடு பெருசு பெருசா. காரியம் முடிஞ்சதும் எறக்கிடுவாங்கன்னு பாத்தேன். ஆரும் எறக்கல. ஒரு நாளு சந்தைக்குப் போறேன். ஒருத்தன் எம் புள்ள மூஞ்சி மேல தக்காளி கொட்டி வித்துக்கினு இருக்கான். அவன் மேல தப்பில்ல, அவனுக்கு இன்னா தெரியும். எடுத்துக்கட்டா சாமின்னு கேட்டேன். தக்காளிய வேற சாக்குல கொட்டிட்டுக் குடுத்தான். அதுக்குப் பொறவு ஒவ்வொரு கூட்டு ரோடா பஸ்ஸ வுட்டு எறங்கி எறங்கி, எல்லாத்தையும் எடுத்தாந்துட்டேன்."

"ஏம்மா எங்ககிட்ட இல்லைன்னீங்க?" சுமலதா கேட்டாள். குரலில் விளையாட்டு இல்லை.

"செத்தவன் பேனர வூட்ல வச்சா ஆவாதாம். எங் கொழுந்தனாரு எரிக்கச் சொன்னாரு. எரிச்சுட்டேன்னு சொல்லிட்டேன். கட்டிலுக்குக் கீழ சுருட்டி வச்சிக்கிறேன். மழை காலம் போனா பூஞ்சக் காளான் புடிச்சிடுது. அதான் தையில ஒரு நாளு, எல்லாரும் சந்தைக்குப் போன பொறவு வெயில்ல போடறது. குப்புறத்தான் போடுவேன். இல்லாங்காட்டி மூஞ்சி வெளுத்துடுமே."

இங்கேதான் கேஸ் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். துப்பறிபவர் வெற்றியோடு மேனேஜருக்குப் போன் போட வேண்டியதுதானே? சென்னகிருஷ்ணன் போடவில்லை. கையிலிருந்த கல்லைத் துணி கலையாமல் இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அம்மா, இந்தப் பொண்ணு பேர் லாவண்யா. அந்தப் படத்துக்கு இவதான் வண்ணம் போட்டவ. படம் எடுக்கற தேதியைப் புரோக்கருக்குச் சொன்னாள்னு இன்னைக்கு போலீசுக்குப் போறாங்க. பேனரைக் காட்டினா இவ தப்பிச்சுக்குவா. ஆனா காட்டினா ஊருக்குத் தெரிஞ்சுடும். அது உங்க இஷ்டம். வேணாம்னா நாங்க இப்பவே கிளம்பிடறோம்."

லாவண்யாதான் முதலில் பேசினாள். "வேண்டாம் அண்ணாச்சி. போயிருவோம். நான் வேற எதாவது சொல்லிக்கிடுதேன்."

மாதம்மாள் அவளை அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள்.

"எந்த ஊரு கண்ணு நீ?"

"சாத்தூர்ப் பக்கம்மா."

"தூரமாச்சே. இங்க ஒனக்கு ஆரு கீறாங்க?"

லாவண்யா தலையை மட்டும் ஆட்டினாள். ஒருவரும் இல்லை என்று.

மாதம்மாள் எழுந்து உள்ளே போனாள். கட்டில் நகரும் சத்தம் கேட்டது. பழைய சேலையில் சுற்றிய ஒரு நீளமான சுருளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஒரு கை புடி கண்ணு," என்றாள்.

அன்று அந்த வயலில் பேனர்கள் இரண்டு பக்கமும் நேராக விரிந்தன. ஒரு முனையில் மாதம்மாள், மறுமுனையில் லாவண்யா. சட்டை போட்ட கற்களைச் சுமலதா ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைத்தாள். வேலியோரம் ஊர் ஜனம் கூடியது. கொழுந்தனாரும் வந்தார். விரித்துக் கிடந்ததைப் பார்த்தார், மாதம்மாளைப் பார்த்தார், திரும்பி நடந்தார்.

வீடியோ காலில் ராஜேஷ்குமாரின் முகம் வந்தது. அவர் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டிருந்தார்.

"மிஸ்டர் சென்னகிருஷ்ணன், இதை இன்னைக்குக் காலைல கூட ரெடி பண்ணியிருக்கலாமே? அதே பேனர்தான்னு நான் எப்படி நம்பறது?"

"மூலையைப் பாருங்க சார். உங்க படத்துல புரண்டிருக்கற மூலை. புருவத்துக்குப் பக்கத்துல ஒரு கிழிசல் இருக்கும்."

திரையில் ராஜேஷ்குமார் குனிந்து அவருடைய படத்தைத் தேடினார். சுமலதா போனைப் பேனருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண், பாதி மீசை, புருவத்தருகே கட்டைவிரல் அளவுக்கு ஒரு கிழிசல்.

"அன்னிக்குத்தான் சாமி கிழிஞ்சுது," என்றாள் மாதம்மாள், போனைப் பார்க்காமல் பேனரைப் பார்த்துக்கொண்டே. "மேல வண்டு மாதிரி ஒண்ணு கத்திக்கினு வந்துச்சு. பயந்து ஓடியாந்து இந்த மூலைய மிதிச்சிட்டேன். பொரண்டு கிழிஞ்சிடுச்சு. அதுக்கு மேல வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

ராஜேஷ்குமார் இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"லாவண்யா, உங்க லாகினைத் திறந்து விடறேன். நீங்களே திருத்தி அனுப்பிடுங்க. கம்ப்ளெயிண்ட் போகாது."

"மன்னிப்புங்கற வார்த்தைக்கு மட்டும் உங்க ஆபீஸ்ல சிக்னல் கிடைக்காதா சார்?" என்றாள் சுமலதா.

ராஜேஷ்குமார் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு படம் அப்படியே உறைந்தது. மெய்யாகவே சிக்னல் போய்விட்டது.

பேனர்களை மடிக்கும்போது வெயில் இறங்கிவிட்டது. லாவண்யா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதம்மாள் மறுமுனையோடு அவளை நோக்கி நடந்து வந்தாள். இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று பொருந்தின. கையை மாற்றி, மறுபடி பின்னால் போய், மறுபடி வந்து, இப்படி ஒவ்வொன்றாக முடித்தார்கள். சென்னகிருஷ்ணன் வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுமலதா அவரைப் பார்த்தாள். கிண்டல் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பிறகு லாவண்யா வாசலிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். வயலின் சிவப்பு பச்சையானது. மாதம்மாள் தோள் மேல் எட்டிப் பார்த்தாள்.

"இதான் எங்க நெலமா? இம்மாம் சின்னதா? வூடு எங்க?"

"இந்தா, இது வீடும்மா. இது புளியமரம். இது..." லாவண்யாவின் விரல் நின்றுவிட்டது.

வெள்ளைக்குப் பக்கத்தில், நீளமான நிழலோடு, அவள் கம்பம் என்று குறித்திருந்த புள்ளி. படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கம்பத்துக்கு முந்தானை இருந்தது.

"அன்னைக்கு நீங்க எங்கம்மா நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

"எங்க நிப்பேன்? பக்கத்துலயேதான். காத்து அடிச்சா தூக்கிடுமே. காலைல போட்டா எடுக்கற வரைக்கும் அங்கியே நிப்பேன்." மாதம்மாள் திரையை உற்றுப் பார்த்தாள். "நானா அது? ஆரும் பாக்கலன்னு நெனச்சேனே."

"நான் பாத்தேம்மா." லாவண்யா மூக்கை உறிஞ்சினாள். "பாத்துட்டு, கம்பம்னு எழுதிட்டேன்."

கம்பம் என்ற சொல்லை அழித்தாள். அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதச் சொல்லிக் கணினி ஒரு வரிசையைக் காட்டியது. கூரை, சாலை, களம், மண், மரம், நீர். மேலிருந்து கீழ் வரை தேடினாள். அவள் தேடியது அதில் இல்லை.

"இன்னா கண்ணு, முடிஞ்சுதா?"

"இல்லம்மா," என்றாள் லாவண்யா. இன்னும் கொஞ்சம் நகர்ந்து, மாதம்மாளுக்கும் உட்கார இடம் விட்டாள்.